டிக்கி அடைஞ்சிட்டுல்லா?

கார் விஷயத்தில் எங்க அம்மாவுக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றே ஒன்றுதான். டிக்கி அடைகிறதா, இல்லையா. முதல் தடவை அடையாது. அப்பா வந்து உள்ளங்கையால் அழுத்துவார். அப்போதும் அடையாது. ஒரு தேங்காயை இடம் மாற்றி, துணிப்பையை ஓரமாகத் திணித்து, அப்பா கிட்டத்தட்ட மேலேயே உட்கார்ந்து அமுக்கினால் 'டப்' என்று பூட்டு விழும். அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "அடைஞ்சிட்டுல்லா? அப்போ ஒண்ணும் இல்ல. இந்த மரச்சீனிய பிள்ளைக்க காலுகிட்ட வச்சிரு."

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கத்திலிருந்து சென்னைக்கு வண்டி கிளம்பும் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். எனக்கும் பல வருடங்களாக இதில் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. இடம் இருக்கும்வரை சாமான் ஏற்றலாம், இடம் தீர்ந்தால் மேலே கேரியர் இருக்கிறது, தார்ப்பாய் இருக்கிறது, கயிறு இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் கொஞ்சம் வானத்தைப் பார்த்து நிற்பதே ஊரிலிருந்து நிறைவாகக் கிளம்புகிறோம் என்பதற்கு அடையாளம். நாகர்கோவில் தாண்டுவதற்குள் எத்தனை ஸ்பீடு பிரேக்கரில் அடிப்பாகம் உரசும் என்று மகளோடு பந்தயம்கூடக் கட்டியிருக்கிறேன். கூடுதலாக எண்ணுகிறவருக்கு வள்ளியூரில் டீ.

போன பொங்கலுக்கு அம்மா ஒரு அம்மியும் குழவியும் தந்தாள். என் மனைவி விளையாட்டாகக் கேட்டது, அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மிக்கல் டிக்கியில் போயிற்று. குழவிக்கு இடமில்லாமல், பழைய சாரத்தில், அதாவது லுங்கியில், சுற்றி, என் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்தோம். ஆரல்வாய்மொழி வளைவிலேயே அது ஒரு தடவை உருண்டு 'டொக்' என்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கயத்தாறு தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது மீடியன் இடைவெளியில் ஒரு பைக் திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. ஆனால் எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. இரண்டு வண்டி நீளம் தள்ளித்தான் நின்றது. பைக்காரர் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே நொடியில் என் முதுகில், சீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் இடி. குழவி. பின்னால் உட்கார்ந்திருந்த மகளின் கால், அது உருண்டு வந்த தடத்துக்கு நாலு விரல்கடை தள்ளி இருந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தொந்தரவே. ஏதாவது ஆகியிருந்தால் ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். ஒன்றும் ஆகாததால், அந்த இரண்டு வண்டி நீளம் மட்டும் மாதக்கணக்கில் மண்டைக்குள் கிடந்தது. பிரேக்கில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் காட்டினேன். "பிரேக் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வண்டியில் அன்றைக்கு எவ்வளவு கனம் இருந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

தொங்கு தராசு வைத்திருக்கிற வீடு

இதில் வேடிக்கை என்னவென்றால், எடை பார்க்கத் தெரியாத வீடு இல்லை எங்கள் வீடு. என் தம்பி வளைகுடாவில் இருக்கிறான். எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் அப்படித்தான். அப்படியான வீடுகளில் அலமாரியில் ஒரு சின்னத் தொங்கு தராசு இருக்கும். பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கினால் எண் காட்டும். தம்பி கிளம்பும் முந்தின ராத்திரி அம்மா அந்தத் தராசோடு நடத்தும் யுத்தத்தைப் பார்க்க வேண்டும். 30 கிலோவுக்கு நூறு கிராம் கூடினாலும் பெட்டி திறக்கப்படும். நார்த்தங்காய் ஊறுகாய் வெளியே வரும், முந்திரிக்கொத்து உள்ளே போகும், மறுபடி தூக்கிப் பார்ப்பாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து சாமானை வெளியே எடுக்கும் அவமானத்தை ஒரு தடவை பட்டவள் அவள்.

அதே அம்மா, அதே தராசு இருக்கும் அதே வீட்டில், காருக்கு எண்ணே கிடையாது என்று நினைக்கிறாள். காருக்கு எடை பார்த்து உள்ளே விடுகிற கவுண்டர் இல்லையே, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எண் இருக்கிறது. என் வண்டியின் கையேட்டைப் பத்து வருடத்தில் முதன்முறையாகப் பிரித்தேன். காலி எடை 875 கிலோ. ஆட்களும் சாமானும் சேர்ந்து வண்டியின் மொத்த எடை 1335-ஐத் தாண்டக் கூடாது. கழித்தால் 460. அடேயப்பா, கிட்டத்தட்ட அரை டன் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த 460-க்குள் ஓட்டுகிற நானும் அடக்கம் என்பது பிறகுதான் உறைத்தது. காலி எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை; மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கமும் அப்படித்தான். நான் 82, அப்பா 70, மனைவி 64, அம்மா 58, மகள் 31. கூட்டினால் 305. மிச்சம் 155 கிலோ. அம்மா கணக்கில் அது டிக்கியின் முதல் அடுக்கு.

இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. மேல் கேரியரில் 50 கிலோவுக்கு மேல் கூடாது. கேரியரின் சொந்தக் கனமும் அந்த 50-க்குள்தான். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காரோட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றுதான் நம் கூரைமேல் இருக்கிற தார்ப்பாயையும் பிடித்து இழுக்கும்.

மச்சினனின் ஜெனரேட்டர்

இதையெல்லாம் நான் முதலில் சொன்னது மச்சினனிடம். மனைவியின் தம்பி. மைக்செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் இரண்டு சக்கர டிரெய்லரில் ஜெனரேட்டரை ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவான். நம் பக்கம் காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற வழக்கம் கிடையாது; என் வண்டிக் கையேடே இது டிரெய்லர் இழுக்கச் செய்த வண்டி அல்ல என்று சொல்லிவிடுகிறது. நம்மூர் டிரெய்லர் என்றால் டிராக்டர் டப்பா, காங்கிரீட் கலவை மெஷின், கொடைக்கு வருகிற ஜெனரேட்டர், அவ்வளவுதான்.

நான் குழவிக் கதையைச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. "அத்தான், எனக்கு ஒருக்க வாலு ஆடிச்சு" என்றான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி. பணகுடிப் பக்கம் ஒரு கொடை. ஜெனரேட்டரும் டிரெய்லரும் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல். அன்றைக்கு ஜீப்பில் இடமில்லை என்று கேபிள் சுருளையும் சீரியல் லைட் சட்டங்களையும் டிரெய்லரின் பின்கோடியில், அச்சுக்கு அந்தப் பக்கம் அடுக்கிவிட்டார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. முப்பந்தல் இறக்கத்தில் வேகம் கூடியது, பக்கக் காற்று ஒன்று அடித்தது. டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. முதல் ஆட்டம் சின்னது. அடுத்தது அதைவிடப் பெரிது. மூன்றாவதில் ஜீப்பின் பின்பக்கத்தையே இழுத்தது. பயத்தில் பிரேக்கைத் தொட்டான். ஆட்டம் இன்னும் கூடியது. "மாட்டுக்க மூக்கணாங்கயிற நான் பிடிச்சிருக்கேன்னு நெனச்சேன் அத்தான். மாடுதான் என்னைப் பிடிச்சிருந்து."

அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய லாரி டிரைவர் ஒருவர் எப்போதோ சொன்னது அப்போது ஞாபகம் வந்திருக்கிறது. காலை எடு, கையை ஆட்டாதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைத் தொடாமல், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தான். டிரெய்லர் ஆடுகிற பக்கத்துக்கு எதிராக வளைக்க மனது துடிக்கும், வளைக்கக் கூடாது. வேகம் தானாகக் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கேபிள் சுருள்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து முன்பக்கத்துக்கு மாற்றினார்களாம். அதே காற்று, அதே ரோடு. பணகுடிவரை அசையவில்லை.

"மூக்குல பாரம் வேணும் அத்தான். அதுதான் ரகசியம்" என்றான். டிரெய்லரின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, மாட்டுகிற கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். ஒரு டன் என்றால் நூறு கிலோ. அவன் சோதனை எளிது: டிரெய்லரின் மூக்கை ஒற்றைக் கையால் ஒருத்தன் தூக்க முடிந்தால் சாமான் பின்னால் கிடக்கிறது என்று அர்த்தம், வண்டியை எடுக்காதே. இரண்டு பேர் முக்கித் தூக்கினால் சரி. மூன்று பேருக்கும் அசையாவிட்டால் அதுவும் தப்பு. ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்சக்கரம் தரையைச் சரியாகக் கவ்வாது. மெல்போர்னில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கே குளியலறை எடை மெஷினை டிரெய்லரின் மூக்குக்குக் கீழே வைத்தே பார்ப்பார்கள் என்றான். அங்கேயும் ஐரோப்பாவிலும் டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் இருந்தாக வேண்டும். மச்சினனின் ஜெனரேட்டர் டிரெய்லருக்கு பிரேக் என்று ஒன்று கிடையாது. முழு டன்னையும் நிறுத்துவது ஜீப்பின் பிரேக்தான். அவன் இப்போது வேகத்தில் ஐம்பதைத் தாண்டுவதில்லை. கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் போட்டு மாட்டுகிறான். கொக்கி கழன்றாலும் மூக்கு அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது.

அப்புறம்தான் என் வண்டிக்கு வந்தான். "ஒங்க டிக்கியும் டிரெய்லருதான் அத்தான். என்ன, கழத்த முடியாது." நூறு கிலோவைப் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டால், சீசாப் பலகை மாதிரி முன்பக்கம் எழும்பும். ஸ்டீரிங் லேசாகிவிட்டதைக் கவனித்தீர்களா என்று கேட்டான். கவனித்திருந்தேன். வண்டி சுகமாக ஓடுகிறது என்று அதற்கு நான் அர்த்தம் பண்ணியிருந்தேன்.

பொருள்: ஃபேமிலி

மே மாதக் கடைசியில் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக மறுபடி ஐந்து பேரும் சென்னைக்குக் கிளம்பினோம். சக்கைக் காலம், அதாவது பலாப்பழக் காலம் வேறு. அம்மா வழக்கம்போல ஏற்றினாள், நானும் வாயைத் திறக்கவில்லை. டிக்கி மூன்றாவது அமுக்கில் அடைந்தது. நாகர்கோவிலில் மாமியார் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது மச்சினன் முன்னால் பைக்கில் போனான். "ஒரு எடத்துல நிறுத்திட்டுப் போலாம் அத்தான்."

அது ஓர் எடை மேடை. ஜல்லி லாரியும் பழைய இரும்பு லாரியும் எடை போடுகிற இடம். எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர், பின்னால் தேங்காய்மட்டை ஏற்றிய ஒரு மினி லாரி. நடுவில் கேரியரில் பூப்போட்ட பைகளோடு எங்கள் கார். அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "என்னையுமா எடை போடுதிய? நான் என்ன மட்டையா?" இறங்கவும் மாட்டேன் என்றாள். இறங்காமல் இருப்பதுதான் எங்களுக்கும் வேண்டியது.

முதலில் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தச் சொன்னான். கண்ணாடி அறைக்குள் இருந்த பெண் 650 என்றாள். பிறகு முழு வண்டியும் ஏறியது. சிவப்பு எழுத்தில் எண் கொஞ்சம் தத்தளித்து நின்றது. 1430.

கம்ப்யூட்டரில் பொருள் என்ற கட்டத்தில் எதையாவது அடிக்காமல் சீட்டு வராதாம். "என்ன லோடுண்ணே?" என்று அந்தப் பெண் மச்சினனைக் கேட்டாள். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு "ஃபேமிலி" என்றான். அவளும் சிரிக்காமல் அடித்தாள். அந்தச் சீட்டு இன்னும் என் டேஷ்போர்டில் கிடக்கிறது. நேரம், வண்டி எண், பொருள்: ஃபேமிலி, மொத்த எடை 1430 கிலோ.

எல்லை 1335. 95 கிலோ கூடுதல். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு கழித்தல். 1430-இல் முன்னால் 650 போனால் பின்னால் 780. காலி வண்டியில் எஞ்சின் இருக்கிற முன்பக்கம்தான் கனம். இங்கே தலைகீழாகியிருந்தது. கயத்தாற்றின் அந்த இரண்டு வண்டி நீளம் எனக்கு அந்த மேடையில்தான் விளங்கியது. பிரேக் நல்லாத்தான் இருந்தது. அதனிடம் நான் கொடுத்த வேலைதான் வேறு. கனம் கூடினால் நிறுத்த வேண்டிய சக்தி அதே அளவில் கூடுகிறது. வேகம் கூடினால் அதன் வர்க்கத்தில். 80-லிருந்து 100-க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல்.

டயரைக் குனிந்து பார்த்தோம். பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 85 T என்று போட்டிருக்கும். 85 என்றால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 515 கிலோ. பின்னால் இரண்டு டயருக்கு 1030 என்று நான் ஆறுதல்பட்டேன். காத்து சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு என்றான் மச்சினன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டவணையில் இரண்டு வரிசை இருக்கிறது: ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, நிறைய இருக்கும்போது ஒன்று. என் வண்டிக்கு நிறைந்த பாரத்தில் பின்டயருக்கு 36. பஞ்சர் கடையில் "காத்து எவ்ளோ சார்?" என்று கேட்டால் நான் இத்தனை வருடம் சொன்னது 30. காத்துக் குறைந்த டயர், கனத்தோடு மே மாதத் தார்ரோட்டில் நூறில் ஓடினால், பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகிக்கொண்டே வரும். டயர் வெடித்தது என்று பேப்பரில் படிக்கிறோமே, அதில் பல வெடிப்பு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அது எதற்கு என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேல்நோக்கி அடிக்கும். அதைத் திருகி வெளிச்சத்தைக் கீழே இறக்கலாம். எதிரே வருகிறவர்கள் டிம் அடித்துக் காட்டும்போதெல்லாம் நான் டிம்மில்தானே போகிறேன் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் அதிக பாரம் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் கொண்டுபோகிற லாரிகள்தான். மார்த்தாண்டம் வழியாகப் போகிற யாரும் அந்த லாரிகளைச் சபிக்காமல் போனதில்லை, நான் உட்பட. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பேச்சுவாக்கில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எடை மேடையில் எனக்குப் பின்னால் நின்ற மட்டை லாரிக்காரர், "சார், கொஞ்சம் சீக்கிரம் எறங்குங்க, நம்ம வண்டி அண்டர்லோடுதான்" என்று சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இறக்குதல்

மாமியார் வீட்டுக்கே திரும்பிப் போனோம். திண்ணையில் எல்லாவற்றையும் இறக்கி, அங்கேயும் ஒரு தொங்கு தராசு இருந்ததால், மகள் ஒவ்வொன்றாக மாட்டித் தூக்க, எடைச் சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். அரிசி இரண்டு சாக்கு, 50. தேங்காய் எண்பது, உரித்ததுதான், 44. சக்கை மூன்று, 38. ஏத்தங்குலை இரண்டு, 27. தேங்காயெண்ணெய் 14. மரச்சீனி 12. கருப்பட்டி 6. துணிப் பைகள் 43. இரும்புக் கேரியர் மட்டும் 16. மொத்தம் 250. காலி வண்டியின் எடையையும் எங்கள் ஐந்து பேர் எடையையும் கூட்டினால் மேடையின் எண்ணோடு அப்படியே ஒத்துப்போனது. மகளுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று உண்மையாகிவிட்ட மாதிரி ஒரே ஆச்சரியம்.

முதலில் கேரியரைக் கழற்றினோம். சும்மா போகவே அது 16 கிலோ சாப்பிடுகிறது. அரிசி ஒரு சாக்கு, தேங்காய் நாற்பது, மரச்சீனி எல்லாம் ஓரமாகப் போயின. அரிசியையும் தேங்காயையும் பார்சலில் போட்டுவிடுவதாக மச்சினன் சொன்னான். மீதியைத் திரும்ப ஏற்றியது அவன்தான். அரிசிச் சாக்கு டிக்கியின் அடியில், பின்சீட்டின் முதுகோடு ஒட்டி. எண்ணெய்க் கேன் அதன் பக்கத்தில். லேசானதெல்லாம் மேலே, பின்கண்ணாடி மறைக்காத உயரத்துக்கு. காலடியில் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டான். எஞ்சியிருந்தது சக்கைப் பிரச்சினை. மூன்றில் இரண்டை இறக்கினால்தான் கணக்கு உள்ளே வரும். இரண்டும் சேர்ந்து 26 கிலோ.

அம்மா அதுவரை திண்ணையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாங்கிப் பார்க்கிறேன் என்று எடைச் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்பக்கப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். மேலே ஐந்து பேர் எடையும் எழுதியிருந்தது. விரல் முதல் வரியிலேயே நின்றது.

"எண்பத்திரெண்டு. இது யாரு?"

"நான்தான்மா."

"சக்கைய எறக்குகதுக்குப் பதிலா நீ எறங்கி பஸ்ஸுல போனா, மூணு சக்கையும் போவும், தேங்காயும் போவும்லா?"

"அப்போ வண்டிய யாரு ஓட்டுவா?"

"நம்ம பிள்ள ஓட்டட்டும். அவனுக்குத்தானே எல்லாம் தெரிஞ்சிருக்கு." மச்சினன் பக்கம் திரும்பினாள். "மக்களே, ஒனக்கு எவ்வளவு எடை?"

மச்சினன் கயிற்றைச் சுருட்டுவது போல் கொஞ்ச நேரம் சுருட்டினான். பிறகு குனிந்தபடியே, "தொண்ணூத்தாறு, அத்தை" என்றான்.

அம்மா சீட்டை மடித்து என் கையில் தந்துவிட்டு, இரண்டு சக்கையையும் தானே தூக்கி அடுக்களைக்குக் கொண்டு போனாள்.